2011 வேகன்ஆர், 46,000 கி.மீ., ஒரே ஓனர்: எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

திண்டுக்கல் வாத்தியார்
வணக்கம். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மா, தன் கணவரின் காரை விற்கப் போகிறார். அவரை நாங்கள் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஏப்ரலில் தவறிவிட்டார். அன்றிலிருந்து ஏழு மாதமாக வண்டி போர்வைக்குள்தான் நிற்கிறது. வாரம் ஒருமுறை நான் போய் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு வருவேன். "வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை தம்பி. நீயே எடுத்துக்கோ, விலையையும் நீயே சொல்லு" என்கிறார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வண்டி: மாருதி வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், 2011 ஆகஸ்டில் டிஎன் 57 பதிவு, 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புரோக்கர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 1.10 லட்சம் என்றாராம். பெங்களூரில் இருக்கும் அம்மாவின் மகன் இணையத்தில் பார்த்துவிட்டு 2.75 லட்சம் போகும் என்கிறார். இன்சூரன்ஸ் தாளில் ஐடிவி, அதாவது கம்பெனி வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு, 1,35,000 என்று இருக்கிறது. மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன.

என் கையில் 2.35 லட்சம் இருக்கிறது. அதற்குள் வண்டியும் முடிய வேண்டும், ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவரும் செலவும் முடிய வேண்டும். நாளைக்கு அந்த அம்மா முகத்தைப் பார்க்கும்போது ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தோமே என்று எனக்குத் தோன்றக் கூடாது. எனக்கும் கையைக் கடிக்கக் கூடாது. எப்படிக் கணக்குப் போடுவது?

கொங்குக்காரன்
புரோக்கர் 1.10 சொல்லிவிட்டார் இல்லையா? 1.25 சொல்லுங்கள். அவர்களுக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். பதினாலு வருஷ வண்டிக்கு இதற்குமேல் என்ன யோசனை?

மதுரை ஒர்க்‌ஷாப்
தம்பி கொங்கு, அது விற்பவருக்கு விவரம் தெரிந்திருந்தால் சரி. இங்கே அந்த அம்மா விலையையே இவர் கையில் கொடுத்துவிட்டார். அப்புறம் அது பேரம் இல்லை, பொறுப்பு.

வாத்தியாரே, புரோக்கர் சொன்ன 1.10-ஐத் தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் வாங்கி, கழுவி, பாலிஷ் போட்டு, இரண்டு மாதம் வைத்திருந்து விற்க வேண்டும். நடுவில் ஏதாவது உட்கார்ந்தால் அவர் தலையில்தான் விழும். கடை வைத்து ஜிஎஸ்டி பதிவோடு விற்பவர் என்றால் 2025 ஜனவரியிலிருந்து லாபத்தில் 18 சதவீதம் வரியும் கட்ட வேண்டும். ஆக, 1.10 என்பது வியாபாரி வாங்குகிற விலை. நீங்கள் வியாபாரி இல்லை, வாங்கி ஓட்டப் போகிறவர். வீட்டுக்கு வீடு கைமாறுகிற விலை தனி. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். திண்டுக்கல், தேனி, மதுரை வட்டாரத்தில் 2010, 2011, 2012 வேகன்ஆர் விஎக்ஸ்ஐ எது விற்பனைக்கு இருந்தாலும் போன் போடுங்கள். போட்டிருக்கும் விலையைக் கேட்காதீர்கள். "கடைசியாக எவ்வளவு? எத்தனை நாளாக நிற்கிறது?" என்று கேளுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்டேன் என்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், என்ன விலைக்குப் போனது என்று பணிவாகக் கேளுங்கள். பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். விற்று முடிந்த ஒரு விலை, விளம்பரத்தில் நிற்கும் பத்து விலைக்குச் சமம்.

பாலிசி மேஜை
நான் வாகன இன்சூரன்ஸில் இருபத்தெட்டு வருஷம் சர்வேயராக இருந்தவன். ஐடிவி பற்றி ஒரு வார்த்தை. புது வண்டிக்கு முதல் ஆறு மாதம் 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்றுக்கு 30, நாலுக்கு 40, ஐந்துக்கு 50 என்று தேய்மானம் கழிக்க அட்டவணை உண்டு. ஐந்து வருஷம் தாண்டினால் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி ஒரு தொகையை எழுதிக்கொள்வதுதான். பல வீடுகளில் பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் கீழே இறக்கிப் போடுவார்கள். ஆகவே அந்த 1,35,000-ஐ விலைக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாலிசி இன்னும் சார் பெயரில்தானே இருக்கிறது? பாலிசிதாரர் இறந்துவிட்டால் அந்தப் பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது அதன் முடிவுத் தேதி, இதில் எது முந்தியோ அதுவரைதான் செல்லும். ஏப்ரலில் தவறினார் என்றால் ஜூலையோடு முடிந்தது. தாளில் அடுத்த வருஷத் தேதி இருந்தாலும் இப்போது அது காகிதம்தான். மெக்கானிக்கிடம் காட்டுகிறேன் என்று வண்டியை ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) மூன்றையும் எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் முதலில் அம்மா பெயருக்குச் சரிசெய்யுங்கள். வேகன்ஆர் 998 சிசி என்பதால் வெறும் மூன்றாம் நபர் பாலிசிக்கு 2,094 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,471 ரூபாய்தான் ஆகும்.

சாரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷங்களுக்காகக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது என்பதையும் மனதில் வையுங்கள். அது வண்டியோடு போவதில்லை.

திண்டுக்கல் வாத்தியார்
ஐயா, இதைப் படித்ததும் கை உதறிவிட்டது. போன மாதம்கூட டயர் சப்பையாகிவிடக் கூடாது என்று தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினேன். இனி பாலிசி வரும்வரை தொடமாட்டேன். மிக்க நன்றி.

கொங்கு நண்பருக்கு: சார்தான் என் மகளுக்கு அஞ்சலகத்தில் முதல் சேமிப்புக் கணக்கு போட்டுக் கொடுத்தவர். 1.25 சொல்லிவிட்டு அந்த வீட்டு வாசலைத் தாண்ட என்னால் முடியாது.

அடையாறு
மகன் சொல்லும் 2.75 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. பெங்களூர் விளம்பரங்களைப் பார்த்திருப்பார். கர்நாடகத்தில் புது வண்டிக்கே சாலை வரி அதிகம், அது பழைய வண்டியின் விலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். கேஏ வண்டியை இங்கே கொண்டுவந்தால் அங்கே என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அதனால் அந்த ஊர் விலையை நம் ஊர் வண்டிக்குப் பொருத்த முடியாது.

இன்னொன்றும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. புது வேகன்ஆர் ஆரம்ப மாடலின் ஷோரூம் விலையே 5 லட்சத்துக்குள் வந்துவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். செப்டம்பருக்கு முன்னால் போட்ட விளம்பரங்கள் பல இன்னும் பழைய விலையிலேயே நிற்கின்றன, அதனால்தான் அவை விற்காமலும் நிற்கின்றன.

சென்னைக்காரன் என்பதால் சொல்கிறேன், தண்ணீரில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய வண்டிகள் எங்கெங்கோ போய் நம்பர் மாறி ஓடுகின்றன. உங்கள் வண்டி ஊரைவிட்டுப் போகாதது, இருந்தாலும் சீட் பெல்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் மறைக்க முடியாது.

தூத்துக்குடி உப்புக்காற்று
சீட்டுக்குக் கீழே, சீட் முன்பின் நகரும் இரும்புச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோர வண்டி என்றால் நான் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். திண்டுக்கல் வண்டி, தப்பித்தது.

நடுப்பாதை
2 லட்சம் பட்ஜெட் என்றால் ஃபோர்டு ஃபிகோ 2012 கிடைக்குமே. பெரிய வண்டி, உட்கார்ந்தால் கெட்டியாக இருக்கும்.

மதுரை ஒர்க்‌ஷாப்
ஃபிகோ நல்ல வண்டி, நான் மறுக்கவில்லை. ஆனால் 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த நாளிலிருந்து அதன் விலை வேறு கணக்கில் போகிறது. பாடி பாகம் ஒன்று தேவை என்றால் அலைய வேண்டும். குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். வேகன்ஆருக்கு எங்கள் தெருமுனைக் கடையிலேயே பாகம் கிடைக்கும். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் வேகன்ஆருக்கு விலை நிற்கிறது.

வாத்தியார், பாலிசி வந்ததும் ஞாயிறு காலை ஒரு நல்ல மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது அவர் வர வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் வருகிற புகையும் சத்தமும் சூடான இன்ஜினில் தெரியாது. இது கே10பி இன்ஜின், மூன்று சிலிண்டர். ஐடிலில் (நின்ற இடத்தில் ஓடும்போது) லேசாக அதிரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. பானெட்டையும் பெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் பட்டிருந்தால் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

திண்டுக்கல் வாத்தியார்
பத்து நாள் கழித்து வருகிறேன். பாலிசி அம்மா பெயரில் வந்துவிட்டது. நேற்றுக் காலை மெக்கானிக் வந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். முன்னால் இரண்டும் 4718, அதாவது 2018-இன் 47-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல்பக்கப் புடைப்பு) தேயாமல் நிறைய இருக்கிறது, ஆனால் விரலால் மடக்கினால் ரப்பரில் மயிரிழை மாதிரி வெடிப்பு. பின்னால் இரண்டும் 2021. ஸ்டெப்னியைக் கழற்றினால் 2411! வண்டியோடு வந்த டயர், தரையையே தொடாமல் பதினாலு வருஷம் இருந்திருக்கிறது.

இன்ஜின் சுத்தம். புகை இல்லை. கிளட்ச் லேசாக இருக்கிறது. ஏசி குளிர்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் போய்விட்டன, இரண்டு பக்கமும் மாற்றக் கூலியோடு 7,000 ஆகும் என்றார். பேட்டரி செத்துவிட்டது, நான் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தேன்.

வலது பெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் தடம் இருந்தது. பெரிய அடியாக இருக்குமோ என்று எனக்கு மனசு கனத்துவிட்டது. அப்போது அம்மா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். டேஷ்போர்டு பெட்டியில் சார் வைத்திருந்தது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, கி.மீ., லிட்டர், தொகை. சர்வீஸ் விவரம் சிவப்பு மையில். 2016 பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "வத்தலக்குண்டு ரோடு, ஆட்டோ இடித்தது. வலது பெண்டர் டிங்கரிங், பெயிண்ட் 4,800. உள்ளே சேதம் இல்லை." மெக்கானிக் மறுபடி டார்ச் அடித்து, பெண்டருக்கு உள்ளே இருக்கும் ஏப்ரன் தகட்டைப் பார்த்தார். உள்ளே கம்பெனி வெல்டிங் அப்படியே இருந்தது.

விலை விசாரித்ததில் மூன்று கிடைத்தன. வேடசந்தூரில் 2010 மாடல், 82,000 கி.மீ., ஆர்.சி. 2030 வரை புதுப்பித்தது, 1.90-க்கு விற்றிருக்கிறது. தேனியில் 2011 மாடல், 71,000 கி.மீ., ஆர்.சி. 2026 நவம்பர் வரை, 2.05-க்கு விற்றிருக்கிறது. மதுரையில் 2012 மாடல், 65,000 கி.மீ., 2.40 கேட்கிறார், 2.25 வந்தால் கொடுப்பேன் என்கிறார்.

ஈரோடு கணக்கு
அருமையான விவரம். தேனி வண்டி உங்கள் வண்டிக்கு அண்ணன் தம்பி மாதிரி. 2.05-ஐ அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கழித்தல்: டயர் ஜோடி 8,500, பேட்டரி 5,000, சஸ்பென்ஷன் 7,000, பெண்டர் 5,000, ஆர்.சி. புதுப்பிக்க அரசுக் கட்டணம் 5,000, அதற்கு வண்டியைத் தயார் செய்ய 10,000. மொத்தம் 40,500. ஆக 1,64,500. 1.65 கொடுங்கள்.

மதுரை ஒர்க்‌ஷாப்
கணக்கு இங்கேதான் தப்புகிறது ஈரோடு, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாங்க வருகிற எல்லாரும் இதையே செய்கிறார்கள், அதனால் விற்பவர்களும் முன்கூட்டியே விலையை ஏற்றி வைக்கிறார்கள்.

அந்தத் தேனி வண்டி 2.05-க்குப் போனபோது அதில் புது டயரா இருந்தது? பாதி தேய்ந்த டயர்தான் இருந்திருக்கும். ஆக, அடிப்படை விலையே பாதி டயருக்கான விலை. வாத்தியார் புது டயர் போட்டால் முழு ஆயுளும் அவர்தான் ஓட்டப் போகிறார். மொத்தப் பணத்தையும் அந்த அம்மாவிடம் எப்படிக் கழிப்பது? பாதி கழியுங்கள். பேட்டரியும் அப்படியே. சஸ்பென்ஷன் வேறு. நல்ல வண்டி என்றால் சத்தம் வரக் கூடாது, அதை முழுதாகக் கழிக்கலாம். பெண்டர் ஒன்பது வருஷம் முன்னால் முடிந்த வேலை, செலவே இல்லை. அதற்கு ஏன் கழிக்க வேண்டும்?

ஆர்.சி.யும் அதே கதைதான். இந்த வண்டிக்கு 2026 ஆகஸ்ட், தேனி வண்டிக்கு நவம்பர். மூன்று மாத வித்தியாசம். அந்த 2.05-க்குள்ளேயே புதுப்பிக்கும் செலவு கழிந்துதான் இருக்கிறது. மறுபடி கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை அந்த அம்மா கொடுக்கிற மாதிரி ஆகும்.

ஈரோடு கணக்கு
சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் கையிலிருந்து போகும் செலவையும் விலையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். அப்படியானால் டயருக்கு 4,500, பேட்டரிக்கு 2,500, சஸ்பென்ஷன் 7,000. மொத்தம் 14,000. ஆனால் 71,000-க்கும் 46,000-க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூட்டவும் வேண்டுமே? 25,000 கி.மீ. என்றால் 25,000 ரூபாயா?

மதுரை ஒர்க்‌ஷாப்
அவ்வளவு வேண்டாம். பதினாலு வருஷத்தில் புஷ், ஹோஸ், பீடிங் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிவிடும். இந்த வண்டியிலேயே பாருங்கள், 46,000-இல் லோயர் ஆர்ம் போயிருக்கிறது. குறைந்த கிலோமீட்டர் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும்தான் லாபம்.

இருந்தாலும் இந்த வண்டியின் 46,000-ஐ நம்பலாம், அதற்கு அந்த நோட்டு சாட்சி. மீட்டரைக் குறைத்த வண்டிகளை நான் மாதம் ஒன்றாவது பார்க்கிறேன். பெடல் ரப்பர் மழுங்கி வழவழவென்று இருக்கும், மீட்டர் 40,000 காட்டும். சாரின் நோட்டு மாதிரி ஒன்றை என் சர்வீசில் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். 10,000 கூட்டுங்கள். 2,05,000-இல் 14,000 போய், 10,000 சேர்த்தால் 2,01,000. நானாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

பாலிசி மேஜை
2,01,000 என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது, மாட்டுவது வாங்கிய அம்மாதான். வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

பேப்பர் வேலையில் அவசரப்படாதீர்கள். வண்டி இன்னும் சார் பெயரில் இருக்கிறது. அம்மா நேரடியாக 29, 30 படிவத்தில் (விற்றதற்கான பெயர் மாற்றப் படிவங்கள்) கையெழுத்துப் போட்டு உங்களுக்குக் கொடுக்க முடியாது. முதலில் 31-ஆம் படிவத்தில் வாரிசாக அம்மா பெயருக்கு மாற வேண்டும். மகனும் மற்ற வாரிசுகளும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம்தான் கெடு, அது தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் வரும். அதன்பிறகுதான் 29, 30. ஆர்.சி. புதுப்பிக்க 25-ஆம் படிவம், முடிவுத் தேதிக்கு 60 நாளுக்கு முன்னால் ஏற்கமாட்டார்கள், அதனால் ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.

கொங்குக்காரன்
முதலில் 1.25 என்று சொன்னவன் நான்தான். நோட்டு விஷயத்தைப் படித்த பிறகு அதை வாபஸ் வாங்குகிறேன். என் அப்பாவின் வண்டியை இப்படித்தான் ஒருவர் வந்து அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போனார், எங்களுக்கு அப்போது விவரம் தெரியவில்லை.

திண்டுக்கல் வாத்தியார்
நேற்று மாலை இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மகனும் போனில் இருந்தார். மூன்று வண்டி விலை, எதற்கு எவ்வளவு கழித்தேன், எதற்குக் கழிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். டயருக்குப் பாதிதான் கழித்திருக்கிறேன் என்றதும் மகன், "அண்ணா, நான் பெங்களூர் விலையைத்தான் பார்த்தேன், இது சரியாக இருக்கிறது" என்றார். அம்மா ஆயிரத்தைக் குறைத்து 2 லட்சமாகக் கொடு என்றார். நான் மாட்டேன் என்றேன். "சரி, ஒத்தைப்படையா இருக்கட்டும், நல்லதுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

50,000 முன்பணம் அம்மாவின் கணக்குக்கு அனுப்பியாயிற்று. 31-ஆம் படிவ வேலைக்கு நான் கூட அலைகிறேன், கட்டணம் அவர்களுடையது. ஆர்.சி. அம்மா பெயரில் வந்து, 29, 30 கையெழுத்தாகும் அன்று மீதி 1,51,000. என் பக்கம் முதல் வருஷச் செலவு டயர், பேட்டரி, சஸ்பென்ஷன், பாலிசி, ஆர்.சி. கட்டணம் எல்லாம் சேர்த்து 28,000 சொச்சம் வருகிறது. 2.35-க்குள் அடங்குகிறது. புதுப்பிக்க வண்டியைத் தயார் செய்யும் செலவுக்கு மே மாதம் சேர்த்துக்கொள்வேன்.

அந்த நோட்டை மட்டும் அம்மா தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன். கடைசியாக எழுதியிருந்தது ஏப்ரல் 2, 46,012 கி.மீ., 12 லிட்டர்.

மதுரை ஒர்க்‌ஷாப்
அப்படியானால் டேங்கில் இருப்பது ஏப்ரல் பெட்ரோல். நீண்ட தூரம் எடுக்கும் முன் அதை இறக்கிவிட்டுப் புதுசு போடுங்கள். லோயர் ஆர்ம் மாற்றிய கையோடு வீல் அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள், புது டயர் ஒரு பக்கமாகத் தேயாமல் இருக்கும்.